நான்கு மில்லிமீட்டர் இடைவெளி

அத்தானின் கார் வளைவில் நேராகப் போகும். இப்படிச் சொன்னால் கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் காரின் குறையை இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் வேகமாகப் போய் ஸ்டியரிங்கை ஒடித்தால், மூக்கு வளைவோடு திரும்பாமல் வெளிப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். இரண்டே இருக்கை, துணிக்கூரை, தரையோடு தரையாகக் கிடக்கும் உடம்பு. அக்காவின் கணவர் அதை யாரோ ஓட்டிக் களைத்த பிறகு வாங்கி, எங்கள் டயர் கடையின் பின்பக்கம் நிறுத்தி, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவிக்கொண்டிருந்தார். மலைப்பாதையில் நடக்கும் நேரப் போட்டி ஒன்றில் அதை ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

கடை கீழே, வீடு மேலே. நானும் மேலேதான் இருக்கிறேன், அக்கா மகளோடு ஒரே அறையில். அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். எவ்வளவு துவைத்தாலும் என் துணிகளில் ரப்பர் வாடை போகாது. பகலில் டயர் மாட்டுவது, வீல் அலைன்மென்ட் பார்ப்பது. மாலையில் வாகனங்கள் எப்படித் திரும்புகின்றன, ஏன் சறுக்குகின்றன என்பதைச் சொல்லித்தரும் வகுப்பு. என்னை அதில் சேர்த்துவிட்டவர் அத்தான்தான். எதையும் மூன்று தடவை அளப்பேன், மூன்று தடவையும் ஒரே அளவு வந்தால் அளவுகோல் மேல் சந்தேகப்படுவேன். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் மில்லி.

டயர் அகலத்தில்தான் எங்களுக்குள் முதல் தகராறு வந்தது. காரில் முன்னால் இருநூற்றைந்து மில்லிமீட்டர், பின்னால் இருநூற்று நாற்பத்தைந்து அகலம் இருந்தது. அத்தான் பின்னால் இருநூற்று எண்பத்தைந்து போட வேண்டும் என்றார்.

"பின்னால அகலமா இருந்தாத்தான் பாக்க கெத்தா இருக்கும், மில்லி."

"பாக்கறவங்களா அத்தான் ஓட்டப் போறாங்க?"

"எல்லாத்தையும் அளக்கற. வாய மட்டும் அளக்க மாட்டேங்கற."

நான் அவருக்கு விளக்கினேன். பின்பக்கத்துக்கு ஏற்கெனவே பிடிப்பு அதிகம். வளைவில் முதலில் கைவிடுவது முன்பக்கம்தான், அதனால்தான் மூக்கு வெளியே ஓடுகிறது. பின்னால் இன்னும் அகலம் போட்டால் இன்னும் அதிகமாக ஓடும். அகலப்படுத்த வேண்டியது முன்பக்கத்தை, அதுவும் அளவோடு. அளவு மிஞ்சினால் கார் சுழன்று வால் முன்னால் வந்துவிடும். முன்னால் இருநூற்று இருபத்தைந்து, பின்னால் இருப்பதே போதும். முன் ரிம்மும் ஏழு அங்குலத்திலிருந்து எட்டாக வேண்டும். இல்லாவிட்டால் தலையணையைச் சின்ன உறைக்குள் திணித்ததுபோல் டயர் பிதுங்கி, வளைவில் சாயும்.

அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, நான் சொன்ன அளவையே வரவழைத்தார்.

அகலமான ரிம் வெளியே துருத்தும். மட்கார்டின் ஓரத்துக்கும் டயருக்கும் இடையில் இருக்கும் சந்து குறையும். கடையில் அதற்கு விரல் கணக்குதான். வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரத்தை முழுவதும் ஒடித்து, சந்தில் விரலை விடுவார்கள். போனால் சரி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. லிஃப்டில் சக்கரம் தொங்குகிறது, ரோட்டில் அமுங்குகிறது. அதனால் அக்கா மகள் யானை செய்து வைத்திருந்த விளையாட்டுக் களிமண்ணை எடுத்து மட்கார்டின் உள்பக்கம் உருண்டை உருண்டையாக ஒட்டினேன். "என் யானையை டயருக்குள்ள போட்டுட்டா சித்தி" என்று அவள் வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அத்தான் ஓட்ட, முற்றத்தில் பலகை போட்டு அதன் மேல் ஏற்றி இறக்கி, பிரேக் அடிக்கச் சொல்லி, ஒடிக்கச் சொல்லிப் பார்த்தோம். பிறகு நசுங்கிய களிமண்ணின் கனத்தை அளந்தேன். மிக மெலிந்த இடத்தில் நான்கு மில்லிமீட்டர். மறுபடி செய்தேன், நான்கு. மறுபடியும் நான்கு.

"நாலுதான் இருக்கு," என்றேன்.

"நகம் போகுமா?"

"போகும்."

"அப்ப போதும்."

அந்த வாரம் திங்கட்கிழமை எனக்கு ஒரு போன் வந்தது. வேறு ஊரில் டயர் சோதனைக் களம் ஒன்று இருக்கிறது. வெட்டவெளியில் ஈரப் பாதை, சரளைப் பாதை, வட்டப் பாதை எல்லாம் போட்டு, புதிய டயர்களை ஓட்டிப் பார்த்து அளவெடுக்கிற இடம். வகுப்பில் கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலை போனிலேயே முடித்தார்கள், நான் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று பேசினேன். இப்போது வேலை எனக்குத்தான் என்றார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போகும்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. அக்காவுக்கு ஆறாவது மாதம், இரண்டாவது பிள்ளை. "நீ இருக்கற தைரியத்துலதான்டி இதுக்கே சரின்னேன்," என்று அவள் இட்லிப் பானையைத் தூக்கச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்வாள். அத்தான் பக்கத்துக் கடையைச் சேர்த்துப் பிடித்து, அலைன்மென்டுக்கென்று தனி இடம் போடுகிறார், நான் இருக்கிற தைரியத்தில். புதிய பெயர்ப் பலகையில் "மில்லி அலைன்மென்ட்" என்று எழுதச் சொல்லியிருக்கிறார், நான் இருக்கிற தைரியத்தில். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. திட்டியிருந்தால்கூட ஒரு வழி இருந்திருக்கும். சாப்பாட்டு மேசையில் என் தட்டில் மட்டும் கேட்காமலே இரண்டாவது கரண்டி விழும்போது, ஊரை விட்டுப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

இன்னொன்றும் உண்டு. அங்கே நான் சொல்லும் அளவை நம்பி வேறு யாரோ வேகமாக ஓட்டுவார்கள். என் அளவு அவ்வளவு நம்பத் தகுந்ததா?

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

கடைத் தெருவின் முனையில் நான்கு மாடி வண்டி நிறுத்தம் ஒன்று உண்டு. மதியத்துக்கு மேல் அதன் மொட்டை மாடி காலியாகக் கிடக்கும். கீழே கூண்டில் இருக்கும் டோக்கன்காரர் அத்தானுக்குப் பழக்கம். வாடிக்கையாளர் காரை எப்போதும் அங்கேதான் ஓட்டிப் பார்ப்போம். அத்தான் சுருள் பாதையில் ஓட்டிக்கொண்டு ஏறுவார். நான் ரப்பர் கூம்புகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் ஏறுவேன். வேலை முடிந்தால் அவர் காரில் இறங்குவார், நான் கூம்புகளோடு படியில் இறங்குவேன். நான்கு வருடமாக அப்படித்தான்.

அன்றைக்கும் கூம்புகளை வளைவாக வைத்தேன். முதல் சுற்றிலேயே அத்தானின் முகம் மாறிவிட்டது. கார் மூக்கை உள்ளே வைத்துக்கொண்டு, நூல் பிடித்ததுபோல் கூம்புகளை ஒட்டித் திரும்பியது. மூன்று சுற்று சுற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நிறுத்தினார். கண் கலங்கினாரா, வெயிலா என்று தெரியவில்லை.

"ஏறு," என்றார்.

"கூம்பு இருக்கு அத்தான்."

"கூம்பு எங்கயும் ஓடிடாது. டயர் போட்டவ ஒரு தடவையாவது உக்காந்து பாக்க வேணாமா?"

மணி நான்கைத் தாண்டியிருந்தது. கீழே போனதும் ஏதாவது சாக்குச் சொல்லி ஒதுங்கிப் போன் பேசலாம், அல்லது பேசாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தபடி ஏறினேன். இருக்கை இடுப்பைக் கவ்விப் பிடித்தது. கதவு தட்டென்று மூடியது.

இறங்கும் சுருள் பாதை ஒல்லிக் கார்களின் காலத்தில் கட்டியது. இருபக்கமும் சுவர். அதில் உரசிப் போன கார்களின் நிறமெல்லாம் கோடு கோடாக ஒட்டியிருக்கும். அத்தான் தன் பக்கமாக ஒடித்து ஒடித்து இறங்கினார். ஒரு சுற்று முடிந்தது. அடுத்த சுற்றின் நடுவில் முன்னால் ஏதோ நிழல் தெரிய, பிரேக்கை மிதித்தார். தடிமனான துணியைக் கிழிக்கிற சத்தம் கேட்டது, என் பக்கச் சக்கரத்திலிருந்து.

நிழல் வெறும் புறா. அது பறந்து போய்விட்டது. எங்களால் போக முடியவில்லை.

கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டிப் பார்த்தேன். மட்கார்டின் உள் பிளாஸ்டிக் கிழிந்து மடங்கி, டயருக்கும் இரும்பு ஓரத்துக்கும் நடுவில் மாட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இரும்பு ஓரம் டயரின் தோளில் அழுந்தி நின்றது. இப்படியே உருட்டினால் புது டயரைக் கத்திபோல் கீறிவிடும். ஸ்டியரிங்கைத் தளர்த்தினால் மூக்கு சுவரில் மோதும், ஒரு சாண்கூட இடமில்லை. பின்னால் போகலாம் என்றால் அதற்குள் ஒரு வெள்ளைக் கார் வந்து ஒட்டி நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. என் கதவைத் திறக்க வழியில்லை, சுவர். அத்தானின் கதவு ஒரு சாண் திறந்து, அந்தப் பக்கச் சுவரில் இடித்தது. அந்தச் சந்தில் அவர் வயிறு போகாது.

டோக்கன்காரர் கீழேயிருந்து மூச்சு வாங்க நடந்து வந்து, காற்றைப் பிடுங்கிவிடலாமே என்றார். பிடுங்கினால் டயர் இன்னும் பிதுங்கும் என்றேன். அவர் என்னை நம்பாமல் அத்தானைப் பார்த்தார். அத்தான் தலையாட்டியதும், மேலே இருந்து இனி யாரும் இறங்காமல் பார்க்கிறேன் என்று வெள்ளைக் காருக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கி ஏறிப் போனார்.

போனை எடுத்துப் பார்த்தேன். நான்கரை. சிக்னல் இல்லை. சுற்றிலும் கான்கிரீட்.

"நாலு மில்லின்னியே," என்றார் அத்தான். கோபம் இல்லை, கேள்விதான்.

"நாலுதான்."

"என் கனம் சேத்தியா?"

"நீங்கதானே ஓட்டினீங்க."

"டேங்க்?"

"ரொப்பித்தான் பாத்தேன்."

"பிரேக் அடிச்சா முன்னாடி குனியுமே?"

"அதையும் பாத்தோமே."

"அப்ப என்னத்தத்தான் விட்ட?"

எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. அத்தானின் கார் அது, அவர் ஓட்டுவார். பக்கத்து இருக்கையில் ஆள் வரும் என்பதே என் கணக்கில் இல்லை. நான் படிக்கட்டில் போகிறவள்.

"என்னை," என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். உலகத்தில் இருக்கிற நட்டு போல்ட்டையெல்லாம் அளந்தவள் தன்னைக் கணக்கில் விட்டுவிட்டாள், இதை அக்காவிடம் சொன்னால் பிரசவ வலியே வந்துவிடும் என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது ஒன்றும் பெரிய விஷயமில்லை, மட்கார்டு ஓரத்தை உருளை வைத்து மடித்துவிட்டால் தீர்ந்தது, அடுத்த மாதம் புது இடம் திறந்ததும் முதல் வேலையாக அதைச் செய்வோம், அங்கே நீதான் முதலாளி, நான் உன் கல்லாவில் கைகூட வைக்க மாட்டேன் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"நீ இருக்கற தைரியத்துலதான் நான் போட்டிக்கே பேர் குடுத்தேன்," என்றார்.

பின்னால் ஹாரன் அடித்தது. எஞ்சின் சூடு கால் வழியாக ஏறியது. எழுந்திருக்க முடியாத இருக்கை, திறக்க முடியாத கதவு, ஒரு சாண் தள்ளிச் சுவர். திங்கட்கிழமையிலிருந்து நான் இருந்த இடம் இதுதான். இன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவே.

"அத்தான், அஞ்சு மணிக்குள்ள நான் ஒரு போன் பண்ணணும்."

"யாருக்கு?"

சொன்னேன். சோதனைக் களம், ஊர், வேலை, ஐந்து மணி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், வகுப்பில் ஒப்பிப்பதுபோல். அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். அணைத்த பிறகுதான் அந்த இடம் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

"எப்பலேருந்து தெரியும்?"

"திங்கக்கிழமைலேருந்து."

"இந்த வாரம் பூரா என்கூட உக்காந்து சாப்புட்டுருக்க."

நான் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட சொல்ல பயமா?"

"பயம்தான்."

"நான் என்னைக்காவது உன்ன அதட்டிருக்கனா?"

"அதுக்கில்ல அத்தான். நீங்க சரி போன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் உண்மை என்று தெரிந்தது. அவர் தடுத்தால் நான் நல்லவளாகத் தங்கிவிடலாம். தடுக்காவிட்டால் போக வேண்டும், போய் என் அளவின் மேல் நானே நிற்க வேண்டும்.

அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது. பலகைக்குச் சொல்லியாயிற்று, பக்கத்துக் கடைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, உன் அக்காவுக்கு யார் பதில் சொல்வது என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். மறுபடி ஹாரன். அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு, கடையில் கேட்பதுபோலவே கேட்டார்:

"உன் கனம் எவ்வளவு?"

"ஐம்பத்திரண்டு கிலோ."

"நீ எறங்கினா முன்னாடி எவ்வளவு எழும்பும்?"

ஸ்பிரிங்கின் விறைப்பு எனக்கு மனப்பாடம். இருந்தாலும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். "ஆறு மில்லி. ஏழு வரலாம்."

"ஆறா, ஏழா?"

மூன்றாவது தடவை போடவில்லை. "ஆறு. போதும்."

"அப்ப எறங்கு."

கூரையின் கொக்கிகளில் ஒன்று உடனே கழன்றது. மற்றது துருப்பிடித்திருந்தது, அவர் குத்தினார், நான் இழுத்தேன், கடைசியில் என் நகத்தோடு கழன்று வந்தது. துணியை மடித்துப் பின்னால் தள்ளினோம். நான் இருக்கை மேல் ஏறி நின்றேன்.

"பின்மூடி மேல கால் வைக்காத, நசுங்கிடும்."

"பறந்தா போக முடியும்?"

"ஓரமா வை. அந்தப் பக்கம் கெட்டியா இருக்கும்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எறங்குன்னு காருக்காகத்தான் சொன்னேன். வேலைய விட்டு எறங்கச் சொல்லல."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

ஓரமாகக் கால் வைத்து, வெள்ளைக் காரின் முன்னால் குதித்தேன். அதற்குள் இருந்த வழுக்கைத் தலைக்காரர் கண்ணாடியை இறக்கி, "மேல போறீங்களா கீழ போறீங்களா, மொதல்ல அத முடிவு பண்ணுங்கம்மா," என்றார்.

சுவருக்கும் காருக்கும் இடையில் முதுகை உரசிக்கொண்டு முன் சக்கரம் வரை போய்க் குனிந்து பார்த்தேன். இரும்பு ஓரம் டயரை விட்டு எழும்பியிருந்தது. மடங்கிய பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தேன். சந்தில் நகத்தை விட்டேன். போனது. டயரில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது, கீறல் இல்லை.

"மெதுவா விடுங்க. பிரேக்க அழுத்தாதீங்க," என்றேன்.

கார் உருண்டது. சத்தம் இல்லை. மூக்கு சுவரை விட்டு விலகி, வளைவோடு வளைவாகத் திரும்பி, கீழே மறைந்தது. அவ்வளவு அழகாகத் திரும்பியது. அதன் பின்னால் வெள்ளைக் கார், அதன் பின்னால் மற்ற இரண்டும், நான் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க, ஒவ்வொருவராக என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். முதுகெல்லாம் சுண்ணாம்பு.

கீழே அவர் காத்திருப்பார். ஆனால் சிக்னல் கிடைக்க மேல் மாடிதான் பக்கம். மேலே ஓடினேன்.

மொட்டை மாடியில் கூம்புகள் வைத்த இடத்திலேயே நின்றன. போனில் சிக்னல் கோடுகள் எழும்பின. ஐந்தாக இன்னும் சில நிமிடம் இருந்தது. மறுமுனையில் ஒரு பெண் எடுத்தார். என் பெயரைச் சொன்னேன். வருகிறேன் என்றேன்.

"நிச்சயமா?" என்று கேட்டார். இதை எல்லோரிடமும் கேட்பார்கள்போல.

"நிச்சயமா," என்றேன். போனை வைத்த பிறகு, சரியாகத்தான் சொன்னேனா என்று சந்தேகம் வந்தது. திரும்பக் கூப்பிடவில்லை. கூம்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினேன்.

அத்தான் டோக்கன் கூண்டுக்கு வெளியே ஓரமாக நிறுத்தியிருந்தார். என் பக்கக் கதவு திறந்திருந்தது. நான் அருகில் போனதும், கையை நீட்டிக் கூம்புகளை வாங்கி இருக்கையில் வைத்து, கதவை இழுத்துச் சாத்தினார்.

"நீ ஏறினா இடிக்கும்," என்றார். "நடந்து வா. நான் மெதுவா வர்றேன்."

நான் நடைபாதையில் நடந்தேன். கூரை திறந்த கார் என் வேகத்துக்கு என் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது. மருந்துக் கடை, கண்ணாடிக் கடை, பூட்டிக் கிடக்கும் பக்கத்துக் கடை. அந்தக் கடையின் முன்னால் இன்னும் எழுதாத பலகை சுவரில் சாய்ந்திருந்தது. நாங்கள் இருவருமே அதைப் பார்க்கவில்லை.

"என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"வர்றேன்னு."

ரோட்டில் ஒரு குழியைச் சுற்றி ஒடித்தார். "முன்பக்கம் நல்லாத் திரும்புது," என்றார். "உன் அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

மேலே பால்கனியில் அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வயிற்றின் மேல் துணிக் குவியலை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். திறந்த காரையும், இருக்கையில் உட்கார்ந்திருந்த கூம்புகளையும், சுண்ணாம்பு முதுகோடு நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன்டி, வண்டி இருக்கறப்ப நீ எதுக்கு நடந்து வர்ற?" என்று கேட்டாள்.

நான் சொல்வது அவளுக்குக் கேட்க வேண்டும் என்று அத்தான் எஞ்சினை அணைத்தார்.